மீன்தொட்டித் தோட்டத்திற்கு நல்ல கருவிகள்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, அறிவியல் மன்றப் பொருளாளர்)

முன்னுரை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பர். தோட்ட வேலையைப் பொறுத்தவரை ‘கை பாதி, கருவி பாதி’ என்று கூறினால் மிகையாகாது. மண்வெட்டியும் களைக்கொத்தியும் இல்லாமல் நிலத்தில் தோட்டம் போட இயலாது. அதுபோலவே நீருக்குள் இருக்கும் தோட்டத்திற்கும் அதற்கென்று கருவிகள் வேண்டும். நீருக்குள்ளே தோட்டமா என்று வியக்க வேண்டாம். எங்கள் உயிரியல் ஆய்வுக்கூடத்தின் சன்னல் ஓரத்தில் மூன்று அடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் மீன்களைவிடச் செடிகளே மிகுதி. அத்தோட்டத்தைப் பேணும் பொறுப்பு அறிவியல் மன்ற மாணவியராகிய எங்களுடையது. அப்பொறுப்பில் நான் செய்த பிழை ஒன்றையும், அதனால் நாங்கள் கற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

நீர்த்தோட்டத்தின் வரலாறு

கண்ணாடித் தொட்டியில் செடியையும் மீனையும் சேர்த்து வளர்க்கும் முறையை அறிவியல் நோக்கில் ஆராய்ந்தவர்களுள் இங்கிலாந்து நாட்டு வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் குறிப்பிடத்தக்கவர். இவர் தமது ஆய்வை 1850ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு தொட்டியில் பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடி தந்த ஆக்சிஜனால் மீன்கள் வாழ்ந்தன. ஆனால் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகியபோது நீர் கலங்கிக் கெடத் தொடங்கியது. அழுகிய இலைகளைத் தின்னும் நத்தைகளைத் தொட்டியில் விட்ட பின்னரே நீர் தெளிந்தது. அழுகும் இலையை அகற்றாவிட்டால் தொட்டி நிலைக்காது என்பது அன்றே அறியப்பட்ட உண்மையாகும். இந்த உண்மையை நாங்கள் மறந்த கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்கள் பார்ப்பதற்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1854ஆம் ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய நூலால் ‘அக்குவேரியம்’ என்ற சொல் பரவியது. நம் காலத்தில் இக்கலையை உயர்த்தியவர் ஜப்பான் நாட்டுப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ ஆவார். 1982ஆம் ஆண்டில் அவர் நீர்த்தோட்டப் பொருள்களுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். நீண்ட கத்தரிக்கோலும் நீண்ட இடுக்கியும் நீர்த்தோட்டக்காரரின் கைக்கருவிகளாக உலகெங்கும் பரவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் 2015ஆம் ஆண்டில் மறைந்தார்.

நாங்கள் செய்த பிழை

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் மன்ற மாணவியர் முப்பது பேர் ஆளுக்கு ரூ.50 வீதம் ரூ.1,500 சேர்த்தோம். கருவிகள் வாங்கும் பொறுப்பைப் பொருளாளர் என்ற முறையில் என்னிடம் ஒப்படைத்தனர். கடையில் ஐந்து கருவிகள் கொண்ட தொகுப்பு ஒன்று ரூ.600க்குக் கிடைத்தது. கண்ணைப் பறிக்கும் பளபளப்பு! ஒன்றையும் திறந்து பார்க்காமல் வாங்கினேன். மீதப் பணத்தில் ரூ.500க்கு மீன்கள் வாங்கினோம். கணக்குப் புத்தகத்தில் ‘மீதம் ரூ.400’ என்று எழுதி, சிக்கனமாகச் செலவு செய்ததாக மன்றக் கூட்டத்தில் பெருமையும் பேசிக்கொண்டேன். தோழியர் கைதட்டினர்.

மூன்றாவது வாரத்திலேயே கத்தரிக்கோலின் இணைப்பில் பழுப்பு நிறத் துரு தோன்றியது. வாய் சரியாகச் சேராமல் தண்டை வெட்டுவதற்குப் பதிலாக மென்று துப்பியது. இடுக்கியை அழுத்தினால் அதன் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, செடிகள் நீர்மட்டத்தை மறைத்துவிட்டன என்று அவற்றை வெட்டினோம். நசுங்கிய தண்டுகள் அடியில் நின்றன. துண்டுகள் மணலில் செருகிக் கிடந்தன. அவற்றை எடுக்க இடுக்கியால் முயன்றபோது வேரூன்றிய செடிகள்தாம் பிடுங்கிக்கொண்டு வந்தன. மணி அடித்துவிட்டது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுச் சென்றோம்.

திங்கட்கிழமை காலையில் நீர் பால்போல் கலங்கியிருந்தது. மூடியைத் திறந்ததும் துர்நாற்றம் வீசியது. கப்பி மீன்களில் ஒன்பது இறந்து மிதந்தன. மற்றவை மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நாள்தோறும் மணி அடிக்கும் முன்பே வந்து அம்மீன்களுக்கு இரை போட்டுவந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தொட்டி அருகே நின்று ஒன்றும் பேசாமல் அழுதாள். அன்று நான் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுக்கவே கூசினேன்.

உயிரியல் ஆசிரியை அருட்சகோதரி அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. பாதி நீரை மாற்றச் செய்தார்கள். அழுகியவற்றைக் கையாலேயே பொறுக்கச் சொன்னார்கள். பிறகு என்னை அழைத்து, “சிக்கனம் வேறு, மலிவு வேறம்மா. எதனால் இப்படி ஆயிற்று என்று நீயே கண்டுபிடித்து எழுதிக்கொண்டு வா” என்றார்கள். இக்கட்டுரையின் தொடக்கம் அதுதான்.

நல்ல கருவி ஏன் வேண்டும்?

நீர்ச்செடிகளின் தண்டிலும் இலையிலும் காற்றறைகள் உண்டு என்பதைத் தாவரவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். இவையே செடியை நீரில் நிமிர்ந்து நிற்கச் செய்கின்றன. கூரிய கத்தரியால் வெட்டினால் காயம் சிறிதாக இருக்கும். செடி விரைவில் தேறிக் கணுவிலிருந்து புதிய கிளை விடும். மழுங்கிய கத்தரியால் நசுக்கினால் திசுக்கள் நெடுந்தொலைவு சிதைகின்றன. அவ்விடத்தில் பாக்டீரியாக்கள் பெருகித் தண்டை அழுகச் செய்கின்றன. அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் செலவாகிறது, அம்மோனியா உண்டாகிறது. இரவில் செடிகளும் ஒளிச்சேர்க்கை செய்யாமல் சுவாசிப்பதால் ஆக்சிஜன் மேலும் குறைகிறது. எங்கள் மீன்கள் இறந்த காரணம் இதுவே. கருவியின் குறையோடு, துண்டுகளை விட்டுச்சென்ற எங்கள் சோம்பலும் சேர்ந்துகொண்டது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எஃகை அறிந்து வாங்குக

கருவி எப்போதும் ஈரத்தில் புழங்குவதால் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது. இரும்புடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்ந்தால் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் உண்டாகிறது. கீறல் விழுந்தாலும் காற்று பட்டால் அப்படலம் தானே மீண்டும் உண்டாகும். 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தைச் சேர்ந்த ஹாரி பிரியர்லி இவ்வகை எஃகை உருவாக்கினார். நம் வீட்டு எவர்சில்வர்ப் பாத்திரமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

மலிவான கருவிகளில் சாதாரண இரும்பின்மேல் பளபளப்பான முலாம் மட்டும் பூசியிருப்பார்கள். முலாம் உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். நான் வாங்கி வந்த கத்தரி அத்தகையதே.

இதைச் சோதிக்க இயற்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து காந்தம் ஒன்றை வாங்கிச் சென்றேன். ‘காந்தம் ஒட்டினால் அது துருப்பிடிக்காத எஃகு அன்று’ என்று பலரும் கூறக் கேட்டிருக்கிறேன். என் தாயார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அறைச் செவிலியர். அவர்கள் சிரித்துக்கொண்டே, “எங்கள் அறையில் இருக்கும் கத்தரி எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டுமே, கண்ணு! அவை எத்தனை ஆண்டுகளாக உழைக்கின்றன தெரியுமா?” என்றார்கள்.

அதன் காரணத்தைப் பின்னர்ப் படித்து அறிந்தேன். இடுக்கி முதலியவற்றுக்குப் பயன்படும் 304 என்னும் வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. இதில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் இதனைச் சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்க இயலாது; எனவே கூர்முனை நிலைக்காது. வெட்டும் கருவிகளுக்கு 420 போன்ற வகைகள் வேண்டும். இவற்றில் குரோமியம் 12 முதல் 14 விழுக்காடு வரையும், கரி சற்று மிகுதியாகவும் இருக்கும். சூடாக்கித் தோய்த்தால் கடினமாகும்; காந்தமும் ஒட்டும். துருவைத் தாங்கும் ஆற்றல் மட்டும் 304ஐவிடச் சற்றுக் குறைவு. ஆகவே கத்தரியைக் காந்தத்தால் எடை போடக் கூடாது. ஈரத்துடன் விட்டுவிடவும் கூடாது.

செம்பு, பித்தளை, துத்தநாக முலாம் பூசிய கம்பி ஆகியவற்றைத் தொட்டிக்குள் போட்டு வைக்கக் கூடாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் நத்தைகளுக்கும் இறால்களுக்கும் தீங்கு விளைவிக்கும்.

கத்தரிக்கோலைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் நீளம். தொட்டியின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீளம் இருந்தால் வசதி. எங்கள் தொட்டி 45 செ.மீ. உயரம், எனவே 30 செ.மீ. கருவியைத் தேடினோம். குட்டையான கருவியென்றால் முழங்கை வரை நீரில் விட நேரும், செடிகள் கலையும்.

அடுத்து வாய். மூடிய கத்தரியைப் பக்கவாட்டில் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இரண்டு அலகுகளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். நுனிகள் மட்டும் சேர வேண்டும். இடைவெளியைக் குறை என்று எண்ணிவிடக் கூடாது. அலகுகள் சற்று வளைந்திருப்பதால்தான் வெட்டும்போது அவை ஒரே புள்ளியில் உரசிக்கொண்டு நுனிவரை செல்கின்றன.

மூன்றாவதாக வெட்டு. அம்மா கற்றுத்தந்த சோதனை இது: ஒரு மெல்லிய துணியை நனைத்து, கத்தரியின் நுனியால் மட்டும் வெட்ட வேண்டும். துணி மடங்கி இடையில் சிக்கினால் வாங்கக் கூடாது. தண்ணீரில் வழவழக்கும் தண்டும் அவ்வாறே சிக்கும்.

நான்காவதாக இணைப்பு. தறையாணியைவிடத் திருகாணி நல்லது; தளர்ந்தால் முடுக்கிக்கொள்ளலாம். கத்தரியைத் திறந்து ஒரு பிடியை விட்டால் அது தானாகத் தொப்பென்று விழக் கூடாது. மெல்ல இறங்க வேண்டும்.

நேரான கத்தரி உயரமான தண்டுச் செடிகளுக்கு ஏற்றது. வளைந்த கத்தரி தரையோடு படரும் சிறு செடிகளுக்கு ஏற்றது. ஒன்றே வாங்க இயலுமானால் நேரானதை வாங்குக.

இடுக்கியைத் தேர்ந்தெடுத்தல்

நாற்றை நடுவதும் துண்டுகளைப் பொறுக்குவதும் இடுக்கியின் வேலை. மெதுவாக அழுத்தினால் நுனிகள் நேருக்கு நேர் சேர வேண்டும். இறுக்கி அழுத்தினால் நுனி விலகவோ ஏறிக்கொள்ளவோ கூடாது. விட்டவுடன் தானே விரிய வேண்டும். ஆயினும் கை வலிக்கும் அளவுக்கு விறைப்பாக இருக்கக் கூடாது. உள்பக்க வரிகள் மென்மையாக இருக்க வேண்டும். கூராக இருந்தால் தண்டைக் கடிக்கும்.

இதற்கும் அம்மாவிடம் ஒரு சோதனை இருந்தது. மேசைமேல் ஒரு கடுகையும் ஒரு தலைமுடியையும் வைத்தார்கள். நல்ல இடுக்கி இரண்டையும் நழுவவிடாமல் எடுத்தது. நான் வாங்கிய இடுக்கியோ கடுகை அறையின் மூலைக்குத் தெறிக்கவிட்டது! அம்மாவின் யோசனைப்படி மருத்துவக் கருவிகள் விற்கும் கடைக்குச் சென்றோம். காயத்திற்குக் கட்டுப்போடப் பயன்படும் நீண்ட இடுக்கி அங்கே கிடைத்தது. எங்கள் வேலைக்கு அது மிகப் பொருத்தமாக அமைந்தது.

பிற கருவிகள்

வடிகுழாய்: அடியில் படிந்த கழிவை நீருடன் வெளியேற்ற உதவும். வெளிமுனை தொட்டியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால் புவியீர்ப்பால் நீர் தானே வடியும். விட்டம் மிகப் பெரிதாக இருந்தால் மணலும் சிறு மீனும் சேர்ந்து வந்துவிடும். வாயால் உறிஞ்சாமல், குழாயில் முன்னரே நீர் நிரப்பி விரலால் மூடிக்கொண்டு தொடங்குக.

பாசி சுரண்டி: கண்ணாடித் தொட்டிக்குத் தட்டையான எஃகுத் தகடு ஏற்றது. அக்ரிலிக் தொட்டியில் தகடு கீறும், பஞ்சே போதும். சோப்பு தடவிய பஞ்சு எதற்கும் ஆகாது.

கைவலை: கண்கள் சிறிதாகவும் துணி மென்மையாகவும் இருக்க வேண்டும். மிதக்கும் இலைகளை அள்ளத் தனி வலை வைத்துக்கொள்வது நன்று.

வாளி: தொட்டிக்கென்றே ஒரு வாளி வேண்டும். தரை துடைக்கும் வாளியில் சோப்பின் எச்சம் இருக்கும்.

கருவியைப் பயன்படுத்தும் முறை

கருவி நன்றாக இருந்தாலும் எங்கே வெட்டுவது என்று தெரிய வேண்டும். எங்கள் தொட்டியில் உள்ள நீர்ப்பிரம்மி, நம் வயல் வரப்பின் ஈரத்தில் வளரும் அதே மூலிகைதான். இதனையும் ஹைட்ரில்லாவையும் கணுவிற்குச் சற்று மேலே வெட்டினால் அடித்தண்டு கிளைக்கும். வெட்டிய கொழுந்தை நடுவதானால் கணுவிற்குக் கீழே வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, அக்கணு மணலுக்குள் இருக்குமாறு இடுக்கியால் செருக வேண்டும். வேர் அங்கிருந்துதான் வரும். வாலிஸ்நேரியாவின் நாடா போன்ற இலையை நடுவில் வெட்டினால் வெட்டுவாய் பழுத்து அசிங்கமாகும். முதிர்ந்த இலையை அடியோடு எடுப்பதே முறை. கிரிப்டோகோரைன் செடியையும் அவ்வாறே செய்க. அதன் பல இனங்கள் இலங்கையின் ஓடைகளுக்கு உரியவை.

வேலை முடிந்ததும் கடைசித் துண்டு வரை பொறுக்கிய பின்னரே தொட்டியை விட்டு நகர வேண்டும். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் செடி வெட்டுவதே இல்லை.

வெட்டிய துண்டுகளை எருக்குழியில் போடுக. குளத்திலோ ஓடையிலோ வீசாதீர்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா என்னும் தொட்டிச் செடி கேரளத்து நீர்நிலைகளில் பரவிவிட்டது. 2020ஆம் ஆண்டில் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப் பாண்டியில் அது இளஞ்சிவப்பாகப் பூத்தபோது மக்கள் திரளாகச் சென்று பார்த்தனர். பார்க்க அழகு, ஆயினும் அவ்விடத்துச் செடிகளை நெருக்கி அழிக்கும் களை அது.

பேணும் முறையும் பாதுகாப்பும்

பயன்படுத்தியதும் கருவிகளை நல்ல நீரில் கழுவி, கத்தரியைத் திறந்தபடியே துடைத்து உலர்த்த வேண்டும். துரு முதலில் பிடிப்பது இணைப்பில்தான். பிளீச்சிங் பவுடர் கரைசலிலோ உப்பு நீரிலோ ஊறவைக்கக் கூடாது. குளோரைடு துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். ஒரு தொட்டியில் புழங்கிய கருவியை மற்றொரு தொட்டிக்கு எடுத்துச் செல்லுமுன் கொதிநீரில் பத்து நிமிடம் இட்டு உலர்த்தினால் நோயும் பாசியும் பரவா.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. எஃகு மின்சாரத்தைக் கடத்தும். தொட்டிக்குள் கையையோ கருவியையோ விடுமுன் விளக்கு, காற்றுக்குழாய், வடிகட்டி ஆகியவற்றின் மின் இணைப்பைத் துண்டித்துவிடுக. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருத்தி சுவிட்சை அணைத்துச் செருகியைக் கழற்றிய பின்னரே மற்றவள் மூடியைத் திறப்பாள்.

முடிவுரை

கணக்கைச் சொல்லாமல் கட்டுரையை முடிக்க மாட்டேன். கையிருப்பு ரூ.400. பழைய செய்தித்தாள்களை விற்று ரூ.350 சேர்த்தோம். ரூ.430க்கு ஒரு கத்தரியும் ரூ.320க்கு ஓர் இடுக்கியும் வாங்கினோம். ஆக ரூ.750. முதலிலேயே இவ்விரண்டையும் வாங்கியிருந்தால் ரூ.600 வீணாகியிராது; ஒன்பது உயிர்களும் போயிரா. மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று, ‘சிக்கனம்’ என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று கூறினேன். கைதட்டல் இல்லை; ஆனால் மனப்பாரம் இறங்கியது.

அன்புத் தோழியரே! ஐந்து கருவிகள் வாங்கும் பணத்தில் இரண்டே வாங்குங்கள். ஆனால் நல்லனவாக வாங்குங்கள். திறந்து பாருங்கள், வெட்டிப் பாருங்கள், கடுகை எடுத்துப் பாருங்கள். நம்மை நம்பித் தொட்டிக்குள் இருக்கும் உயிர்கள் தமக்கு வேண்டியதைத் தாமே கேட்க மாட்டா. ஆய்வுக்கூடத்திற்கு வந்தால் அந்த ஆறாம் வகுப்புத் தங்கையை, இப்போது ஏழாம் வகுப்பு, நீங்கள் பார்க்கலாம். புதிய கத்தரியைத் துடைத்துத் திறந்தபடி ஆணியில் மாட்டும் வேலையை அவள் வேறு எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.